சாவா மூவாப் பேராடு: சட்டம் படிக்க உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு

பெங்களூரில், தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருக்கிறேன். நாற்பது ஆண்டு வக்கீல் தொழில் பார்த்து ஓய்ந்தவன். ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சேமிப்பைப் பல்கலைக்கழகத்தில் வைப்பாகப் போட்டு, சட்டம் படிப்பவர்களுக்கென்று உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அது கிடைத்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவது உண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. கூச்சப்பட்டு வாங்காதீர்கள். நம் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஜலப்பள்ளி, விண்ணமங்கலம் ஏரிப் பக்கத்து நிலத்தைச் சொக்கப்பெருமாளுக்கு எழுதி வைத்ததைச் சொல்கிறது. தம்பதியாகச் சேர்ந்து அறம் செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை.

சோழர் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றொரு சொல் வரும். கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய 90 ஆடு, 96 ஆடு என்று கொடுப்பார்கள். ஆட்டை வாங்கிய இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகலாம், சாகலாம். குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காக்க வேண்டும். அதனால்தான் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள். உங்கள் உதவித்தொகையும் இப்படித்தான். முதல் அப்படியே நிற்கும், வட்டியிலிருந்து உங்களுக்குக் கட்டணம் போகும். உங்களுக்கு முன் ஒருவர் அந்த நெய்யில் படித்தார், உங்களுக்குப் பின்னும் ஒருவர் படிப்பார். யாரிடமும் கையேந்தி நிற்பதாக நினைக்க இதில் இடமே இல்லை.

2. நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். சட்ட மாணவர் வாழ்க்கையில் சொந்த விஷயமாகப் படிக்கும் முதல் ஆவணம் பெரும்பாலும் அதுதான். படிப்புக் கட்டணம் மட்டுமா, விடுதியும் சாப்பாடும் சேர்த்தா? ஐந்தாண்டுக்குமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? அரியர் விழுந்தால் நின்றுவிடுமா? அரசு உதவித்தொகையும் சேர்த்து வாங்கலாமா? புரியாததை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பி வந்த கட்சிக்காரர்கள் என் அறையில் அழுததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. வருமானச் சான்றிதழில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் காட்டாதீர்கள். பொய் ஆவணத்தோடு இந்தத் தொழிலுக்குள் நுழையக் கூடாது.

4. கட்டணம் கட்டியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். கைச்செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வெளியூர்ப் பயணம், கறுப்புக் கோட்டு, புத்தகம், சம்பளம் தராத இன்டர்ன்ஷிப்புக்காக டெல்லியில் ஒரு மாத வாடகை. நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளியில் சேர்ந்தால், நம் தொம்மலூரிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் போவதே ஒரு பயணம். ஒரு நோட்டில் ஓராண்டுச் செலவை எழுதுங்கள். துண்டு விழுந்தால் உதவித்தொகைக் குழுவிடம் அந்தக் கணக்கையே காட்டுங்கள். கணக்கோடு கேட்பவரின் பேச்சு எடுபடும்.

5. மதிப்பெண் சறுக்கினால் நீங்களே முதலில் சொல்லுங்கள். எனக்கு இரண்டாம் ஆண்டில் டைபாய்டு. தேர்வு கெட்டது. வெட்கப்பட்டு மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அதற்குள் உதவித்தொகை நின்றுபோயிற்று. மருத்துவச் சீட்டோடு முதல் வாரமே போயிருந்தால் நின்றிருக்காது. என் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்த மௌனத்தால்தான்.

6. கன்னடம் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் போதும். கீழமை நீதிமன்றத்தில் சாட்சி கன்னடத்தில் பேசுவார், பஹணி என்ற நிலப் பதிவேடு கன்னடத்தில் இருக்கும். வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகள் கன்னடம் பேசுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

7. விண்ணப்பம் தள்ளப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். புனே டெக்கான் கல்லூரியில் முதலிடம் பெற்ற கொர்னீலியா சொராப்ஜிக்கு, இங்கிலாந்து போகும் உதவித்தொகை பெண் என்பதற்காகவே மறுக்கப்பட்டது. அரசப்பிரதிநிதியின் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த ஆர்தர் ஹாப்ஹவுஸின் மனைவி மேரி அம்மையார் நண்பர்களைச் சேர்த்து நிதி திரட்டினார். 1889இல் சொராப்ஜி ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தார். 1892இல் சட்டத் தேர்வை முடித்தார். பட்டம் கைக்கு வந்தது 1922இல். பள்ளியில் படிக்கும் தங்கை தம்பிகள் இருந்தால், ஷம்னாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா அமைப்பைப் பற்றிச் சொல்லுங்கள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு கிளாட் நுழைவுத்தேர்வுப் பயிற்சி தந்து, சட்டக் கல்லூரியில் சேர்ந்த பின்னும் துணை நிற்கிறார்கள்.

8. அந்தத் தம்பதிக்கு ஆண்டுக்கு இரண்டு கடிதம் போடுங்கள். புகழ்ச்சி வேண்டாம். எந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து எந்த வழக்கைக் கேட்டீர்கள், என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எழுதுங்கள். கடிதத்தை இருவர் பெயருக்கும் அனுப்புங்கள். பல பிள்ளைகள் ஐயா பெயரை மட்டும் எழுதுகிறார்கள். அந்தப் பணத்தில் அம்மாவின் நகையும் ஓய்வூதியமும் இருக்கலாம். தொம்மலூர்க் கல்வெட்டே மனைவியை விட்டுவிடவில்லை.

9. படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் பதியும்போது பணம் இல்லையே என்று பயப்படாதீர்கள். பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டத்தில் சொன்னதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி.