மழைக்கு விழும் ட்ரிப் சுவிட்ச்: தொந்தரவா, காவலா?



இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்குப் பஞ்சமில்லை. மழை பிடித்துக்கொண்டால் பல லயங்களில் ஒரே பேச்சுத்தான்: "அண்ணே, மறுபடியும் ட்ரிப் விழுந்திருச்சு. டைரக்டா போட்டு விடுங்களேன்." யாராவது வந்து, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேரே கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு கரண்ட் நிற்காது. நம் உயிருக்குக் காவலும் இருக்காது. இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

ட்ரிப் என்ன செய்கிறது?

ஒரு வயரில் வரும் கரண்ட் முழுவதும் மற்ற வயரில் திரும்பிப் போக வேண்டும். இடையில் ஈரச் சுவர், தகரம், அல்லது நம் உடம்பு வழியாக மண்ணுக்குள் ஒழுகினால் கணக்குக் குறையும். வீட்டு ட்ரிப், 30 மில்லி அம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 260 மில்லி அம்பியர். அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் இது. ஆனால் இதற்கு மேல் நெஞ்சு வழியே ஓடினால் ஆளைக் கொல்லப் போதும். சிறிய பிரேக்கர் இதைக் கவனிக்காது. 6 அம்பியர் பிரேக்கருக்கு 6000 மில்லி அம்பியரும் சாதாரணம்தான்.

லயத்தில் ஏன் கூடுதல் கவனம்?

நமது காம்பிராக்களுக்குக் கூரை ஒன்றுதான். ஒரு வீட்டில் தோல் உரிந்த வயர் தகரத்தில் பட்டால், பக்கத்து வீட்டுத் தகரத்திலும் கரண்ட் ஏறலாம். இஸ்தோப்பில் கட்டிய கொடிக் கம்பி அந்தத் தகரத்தைத் தொட்டிருந்தால், ஈரத் துணி காயப்போடும் தாய்க்கு என்ன ஆகும்? கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள்.

மழையில் ட்ரிப் விழுந்தால்

1. கையும் காலும் காய்ந்திருக்கட்டும். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.
2. எல்லா பிளக்கையும் கழற்றி, சிறிய பிரேக்கர்களை இறக்கிவிடுங்கள்.
3. ட்ரிப்பை ஏற்றி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.
4. எதைப் போட்டதும் விழுகிறதோ, கோளாறு அங்கேதான். அதைப் பாவிக்காதீர்கள்.
5. எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தால் மெயினை அணைத்து, என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள மின்வினைஞரை அழையுங்கள். எர்த் கம்பியையும் அவரே பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டுக்கு வயர் இழுக்கலாமா?

"ஒரு பல்புக்கு மட்டும் குடுங்கண்ணே" என்றுதான் தொடங்கும். பிறகு அதிலேயே அயன் வரும், கேத்தலும் வரும். 2000 வாட் கேத்தல் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், 1000 வாட் அயன் 4 அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் இரண்டையும் தாங்காது, சூடேறி உருகும். இந்தச் சூட்டை ட்ரிப் கண்டுபிடிக்காது. ஒரு காம்பிராவில் பிடித்த தீ கூரை வழியே முழு லயத்துக்கும் ஓடும். பிளக் பொயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரே போட வேண்டும்.

ஒருவரைக் கரண்ட் பிடித்தால்

ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வீட்டுப் பயிற்சி

ட்ரிப் சுவிட்சில் 'ரி' எழுத்துள்ள சிறிய பொத்தான் இருக்கும். மாதாமாதம் சம்பள நாளில் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே கரண்ட் நின்றால் காவல் விழித்திருக்கிறது. நிற்காவிட்டால் ட்ரிப்பை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் 'டைரக்ட்' போட்டிருந்தால் இந்த மாதமே திருத்திக்கொள்ளுங்கள். மழைக்கு விழுகிற ட்ரிப், வீட்டில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று நமக்குச் சொல்கிறது. அதன் வாயை அடைக்காமல், ஒழுக்கைத் தேடி அடைப்போம்.