காலடிக் கணக்கும் கூட்டு நடையும்

உடல் நலம் பேணுதல் கடமை என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். பேணுவாரோ மிகச் சிலரே. அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையே கிடக்கும் இவ்விடைவெளியை நிரப்புதற்கு இக்காலத்தே புதியதொரு துணை வந்திருக்கின்றது. அது மணிக்கட்டிலே கட்டிக்கொள்ளும் சிறு பொறியாகும். காலடியை எண்ணும், நாடித் துடிப்பை அறியும், நடந்த தொலைவைக் கூறும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் விடியற்காலையில் நடக்கப் புறப்படும் தாய் தந்தையருட் பலர் இதனை அணிந்தே புறப்படுகின்றனர். இப்பொறி எவ்வாறு எண்ணுகின்றது, அது காட்டும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு, மக்களை உண்மையில் நடக்கச் செய்வது யாது என்னும் மூன்றையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று மக்களைப் பெற்று வளர்ப்போர்; இன்றைய மாணவர் நாளை அந்நிலையை அடையவிருப்போர். ஆதலின் இப்பொருள் இருசாரார்க்கும் பயன்படும் என நம்புகின்றோம்.

முதற்கண், உடற்பயிற்சி என்பது தனியே ஒரு வேலையாக ஏன் ஏற்பட்டது என்று நோக்குவோம். நம் பாட்டிமார் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் வீட்டிலேயே இருந்தன. கிணற்று நீரை இறைத்தல், குடம் சுமத்தல், துணி துவைத்தல் ஆகிய யாவும் தோளுக்கும் இடுப்புக்கும் வேலை கொடுத்தன. கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் பெரும்பாலும் நடந்தே சென்றனர். அக்காலத்தவர் உடற்பயிற்சியைப் பற்றித் தனியே எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் அவ்வுழைப்பையெல்லாம் இனிதென்று புகழ யாம் முற்படவில்லை. அதிற் பெரும்பகுதி பெண்டிர் தலைமேல் ஏற்றப்பட்ட பாரமே. மாவரைக்கும் பொறியும் துணி துவைக்கும் பொறியும் மின்தூக்கியும் அப்பாரத்தை இறக்கின, அது நன்றே. ஆனால் பாரத்தோடு உடலின் இயக்கமும் கழிந்து போயிற்று. ஒரு பொறியினால் இழந்ததை மற்றொரு பொறியின் துணைகொண்டு மீட்க முயல்கின்றோம் என்பதே இன்றைய நிலை.

இனி அப்பொறியின் செயலைக் காண்போம். அதனுள்ளே சிலிக்கனால் அமைந்த மிக நுண்ணிய கட்டை ஒன்று, வில் போன்ற மெல்லிய தாங்கிகளாற் பிடிக்கப்பட்டு நிற்கின்றது. கை வீசுங்கால் அக்கட்டை சிறிது பின்தங்கி அசைகின்றது. ஓடும் பேருந்து திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்வதைப் போன்றதே இதுவும். கட்டை அசையவே, அதற்கும் அருகிலுள்ள தகடுகளுக்கும் இடையிலுள்ள வெளி மாறுகின்றது. வெளி மாறவே, அங்கு அடங்கும் மின்னேற்றத்தின் அளவும் மாறுகின்றது. பொறி இம்மாற்றத்தை ஒரு நொடியிற் பலமுறை அளந்து, ஏறியிறங்கும் அலையாகக் கொள்கின்றது. நடப்பவரின் அலை ஒழுங்குடையதாகலின், அதன் முகடுகளை எண்ணினால் காலடிகள் கிடைக்கின்றன. நாடித் துடிப்பை அறிதற்கோ, அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மேற் பாய்ச்சப்படுகின்றது. குருதி பச்சை ஒளியை உட்கொள்ளும் இயல்பினது. ஆதலின் ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகுந்தோறும், திரும்பி வரும் ஒளி சிறிது குறைகின்றது. அக்குறைவுகளே துடிப்பின் கணக்காகின்றன. நடந்த தொலைவையும் வழியையும் அறிதற்குக் குறைந்தது நான்கு செயற்கைத் துணைக்கோள்களின் குறிப்புகள் வேண்டப்படுகின்றன.

இவ்வமைப்பை அறிந்தார்க்கு அதன் குறைகளும் தாமே விளங்கும். காலடிக் கணக்கென்று நாம் பெயரிட்டாலும், பொறி அறிவது கையின் அசைவையே. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் தாயின் கை வீசாமையால், அவர் வைத்த அடிகளுட் பல கணக்கில் ஏறுவதில்லை. மயிலாப்பூர் மாட வீதியிலே காய்கறி வாங்கிப் பையை இறுகப் பற்றிக்கொண்டு வீடு திரும்பும் தந்தையின் நிலையும் இதுவே. மாறாக, இருந்த இடத்திலேயே கையை ஆட்டிப் பேசுவார்க்குச் சில அடிகள் இனாமாகக் கிடைத்தலும் உண்டு. ஆகவே இவ்வெண்ணை நேற்றைய நம் நடையோடு இன்றைய நம் நடையை ஒப்பிட்டறியும் குறிப்பாகக் கொள்ளுதல் தகும். அடுத்த வீட்டாரை வெல்லுதற்குரிய மதிப்பெண்ணாகக் கொள்ளுதல் தகாது.

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்பது இன்று பலர் வாயில் வழங்குகின்றது. இதன் பிறப்பை அறிதல் நலம். 1964ஆம் ஆண்டில் டோக்கியோ மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. மறு ஆண்டாகிய 1965இல் யமாசா என்னும் ஜப்பானியக் கம்பெனியார் இடுப்பில் அணியும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்து, அதற்குப் 'பதினாயிரம் அடி அளவி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஆராய்ச்சியில் வரையறுக்கப்பட்டு வந்த எண்ணன்று அது. வணிகத்திற்கு இசைந்த எண். 2019இல் அமெரிக்க நாட்டு முதிய பெண்டிர் பதினாறாயிரவருக்கு மேற்பட்டவரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவரினும் 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. அஃது ஏறத்தாழ 7,500 அடி வரையில் மேலும் குறைந்து, அதன்பின் ஒரு நிலையில் நின்றது. முதியோரைப் பற்றிய இம்முடிவை இளையோர்க்கும் அவ்வாறே உரைத்தல் பொருந்தாது. எனினும், பதினாயிரம் எட்டவில்லையே என்று மனந்தளர்ந்து நடையையே விட்டுவிடுவார்க்கு இது நல்லதோர் ஆறுதலாகும்.

உடலியக்கத்திற்கும் இதய நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் ஜெரி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். லண்டன் நகரத்து இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பர். நடத்துநர் படியேறி இறங்கிய வண்ணம் இருப்பர். இவ்விரு சாராரையும் ஒப்புநோக்கி, நடத்துநரிடையே மாரடைப்பு நோய் குறைவு என்று அவரும் அவர்தம் துணைவரும் 1953இல் வெளியிட்டனர். அதன்பின் எழுந்த ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் அளவு வகுத்தது. வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்தல் வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் ஓடியாடுதல் வேண்டும் என்பது அது.

அளவும் அறிந்தோம், அளக்கும் பொறியும் பெற்றோம். ஆயினும் மக்களை நடக்கச் செய்வது யாது? இதற்கு விடை தேட நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் சென்னையிலேயே அதற்குச் சான்று உண்டு.

1996ஆம் ஆண்டிலே, நீரிழிவு நோயை ஆராயும் சென்னை மருத்துவர்கள் நகரின் இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாழ்வோரைச் சோதிக்கத் தொடங்கினர். ஒன்று திருமங்கலத்திலுள்ள நடுத்தர வருவாயினரின் ஏஷியாட் காலனி. மற்றொன்று தியாகராய நகரிலுள்ள எளியோர் வாழும் பாரதி நகர். முன்னதிலே நூற்றுக்குப் பன்னிருவருக்குச் சற்று மேற்பட்டவர்க்கு நீரிழிவு இருந்தது. பின்னதிலே அதிற் பாதியளவே இருந்தது. எளியோர் செய்துவந்த உடலுழைப்பு இவ்வேற்றுமைக்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

சோதனையின் முடிவுகளை மருத்துவர்கள் ஏஷியாட் காலனி மக்களுக்கு எடுத்துரைத்து, நடையின் இன்றியமையாமையை விளக்கினர். கேட்டவர் கேட்டதோடு நின்றிலர். தமக்குள்ளே பொருள் திரட்டித் தம் குடியிருப்பிலேயே நடைபாதையோடு கூடிய பூங்கா ஒன்றை அமைத்தனர். அதற்கு முன்னர் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர் ஏழில் ஒரு பங்கினர் அளவே. பூங்கா அமைந்த பின்னரோ பாதிக்கு மேற்பட்டவர் செய்தனர். இச்செய்தி 2006இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அன்று அவர்தம் கையில் இக்காலப் பொறி ஏதும் இல்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். அவர்கட்கு வாய்த்தவை மூன்று: நடத்தற்கு வீட்டருகே ஓரிடம், உடன் நடத்தற்கு அண்டை அயலார், இவ்விடம் நம்முடையது என்னும் உரிமை உணர்ச்சி.

பத்தாண்டு கழித்து அவ்விரு குடியிருப்புகளும் மீண்டும் ஆராயப்பட்டன. அப்பொழுது ஏஷியாட் காலனியில் நீரிழிவுடையார் நூற்றுக்குப் பதினைவர் அளவினர். பாரதி நகரிலும் நூற்றுக்குப் பதினைவர் அளவினரே. நடுத்தர வருவாயினரிடையே நோய் சிறிது ஏறிற்று. எளியோரிடையே இரு மடங்கினும் மிகுந்தது. இவ்வேற்றுமைக்குப் பூங்கா ஒன்றே காரணம் என்று துணிந்துரைத்தல் ஆகாது. உணவும் தொழிலும் வாழ்க்கை முறையும் மாறிவந்த காலம் அது. எனினும் ஒன்று தெளிவு. எளியோரைக் காத்து நின்ற அரண் பத்தாண்டுக்குள் தகர்ந்தது. நடத்தற்குரிய இடத்தைத் தம் கைப்பொருளால் அமைத்துக்கொள்ளும் வசதி அவர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. உடல் நலம் என்பது தனி மனிதரின் மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று, ஊரின் அமைப்பையும் பொறுத்தது என்பதை இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வுண்மையைத் தம் அன்றாட வாழ்க்கையிற் பொருத்திக்கொள்ளும் பெற்றோர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மயிலாப்பூரில் வாழ்ந்து, தரமணியில் கணினி அலுவல் பார்க்கும் தாய் அவர் என்க. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவரோடு லஸ் அருகேயுள்ள நாகேசுவரராவ் பூங்காவிற்குச் செல்கின்றார். ஒருவர் சோம்பினால் மற்றவர் வாயிற் கதவைத் தட்டுவது அவர்தம் உடன்படிக்கை. நாளொன்றுக்கு அரைமணியாக வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால், வேண்டிய 150 நிமிடம் நிறைவெய்திவிடுகின்றது. எஞ்சிய இரு நாட்களிலும் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளைகளோடு தண்டாலும் பஸ்கியும் எடுக்கின்றார். தசைகட்குரிய பயிற்சி அதனால் முற்றுகின்றது. அலுவலகத்தில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தால் கையிலுள்ள பொறி சற்றே அதிர்ந்து எழுப்புகின்றது. எழுந்து படியிறங்கிச் சென்று தண்ணீர் கொணர்கின்றார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் சென்று, பிள்ளைகளை மணலில் ஓடவிட்டுத் தாமும் ஓடுகின்றார். தியாகராய நகருக்குத் துணி வாங்கப் போனாலும், 2019இல் அகன்ற நடைபாதை அமைக்கப்பெற்ற பாண்டி பஜாரில் கடைக்குக் கடை நடந்தே செல்கின்றார். பொறி அவர்க்குக் கணக்கப்பிள்ளை; எசமானன் அன்று. கணக்குக் குறைந்த நாளில், இரவு பத்து மணிக்குக் கூடத்தைச் சுற்றிவந்து எண்ணை நிரப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. உறக்கமும் உடல் நலத்தின் பாற்பட்டதே என்பதை அவர் அறிவார்.

பிள்ளைகளின் நிலையைப் பற்றி ஒரு சொல். சிறுவர்க்கு வேண்டிய 60 நிமிடத்தைப் பொறியைக் காட்டிப் பெறுதல் அரிது. விளையாட்டால் பெறுதல் எளிது. நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கரால் தொடங்கப்பெற்றது. அக்கல்லூரி பள்ளிகட்குரிய உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குதலையே தன் பணியாக மேற்கொண்டது. வெற்றி பெறும் ஒருவனைத் தேடுவதினும், எல்லாரையும் விளையாடச் செய்யும் ஆசிரியரை ஆக்குதல் பெரிது என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது. வீட்டிலே அவ்வாசிரியரின் இடத்தில் இருப்பவர் பெற்றோர். திறன்பேசியைக் கீழே வைத்துவிட்டு விளையாடு என்று சொல்லும் தந்தை தாமும் அதனைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை எடுப்பாராயின், அச்சொல் பயன் தரும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்தல் நன்று. நீர் அருந்துதலை மறத்தல் ஆகாது. நெடுநாள் பழக்கமில்லாதவரும் இதய நோய், நீரிழிவு உடையவரும் மருத்துவரைக் கலந்த பின்னரே கடும் பயிற்சியைத் தொடங்குக. நாடித் துடிப்பைக் காட்டும் கைப்பொறி மருத்துவராகாது. மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ தோன்றின், பொறி காட்டும் எண் எதுவாயினும், உடனே மருத்துவ உதவி நாடுக.

இதுகாறும் கூறியவாற்றால், பொறி நமக்கு அறிவிக்க வல்லது, நம்மை நடத்த வல்லதன்று என்பதும், இடமும் துணையும் குறித்த வேளையும் வாய்த்தவிடத்தே நடை தானே நிலைபெறும் என்பதும் விளங்கும். ஆதலின் பொறி வாங்க விரும்பும் அன்பர் வாங்குக. அதற்கு முன்னர், எங்கே நடப்பது, யாருடன் நடப்பது, எப்பொழுது நடப்பது என்னும் மூன்றையும் முடிவு செய்க. நம் மாணவருட் சிலர் நாளைப் பொறியியலாராகவும், நகராட்சி அலுவலராகவும், ஆசிரியராகவும் ஊர்ப்பணி ஏற்பர். அவர்கள் தெருவொன்றை வகுக்கும்போது நடைபாதைக்கு இடம் விடுக. குடியிருப்பு ஒன்றை அமைக்கும்போது சிறியதாயினும் ஒரு பூங்காவுக்கு நிலம் ஒதுக்குக. அதனைப் பாரதி நகர் போன்ற இடங்களில் முதலாவதாகச் செய்க. பொருளுடையார் எவ்வாறேனும் தமக்கொரு வழி தேடிக்கொள்வர். பொருளில்லார்க்கு அவ்வழியை அமைத்துத் தருதல் கற்றவர் கடமை.