நடையின்போது பிற நாய்களைத் தாக்கும் வளர்ப்பு நாய்: உரிமையாளரின் சட்டப் பொறுப்பு

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கும் வாசகர் ஒருவரின் நாய் மனிதரிடம் சாதுவாகப் பழகினாலும், நடைக்கு அழைத்துச் செல்லும்போது வேறு நாயைக் கண்டால் சீறிப் பாய்கிறது. அண்மையில் அது அண்டை வீட்டாரின் சிறிய நாயைக் கடித்தது. விலக்கப் போன அண்டை வீட்டாரின் கையிலும் பல் பட்டது. மருத்துவச் செலவு முழுவதையும் தர வேண்டும், தவறினால் காவல் நிலையத்தில் புகார் தரப்படும் என்கிறார் அவர்; நாயை இனி வெளியே கொண்டுவரவே கூடாது என்கிறது குடியிருப்போர் சங்கம். இவற்றுள் எவை சட்டப்படி செல்லும்?

பதில்: சட்டத்துக்கு முன்னர் மருத்துவம் கவனிக்கப்பட வேண்டும். கடித்த நாய் தடுப்பூசி போடப்பட்டதாகவே இருப்பினும், பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. ரேபிஸ் நோய் அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது என்பதால் இதில் தாமதத்துக்கு இடமில்லை. நாயின் தடுப்பூசிச் சான்றின் படியைக் கேட்கும் முன்பே அண்டை வீட்டாரிடம் கொடுப்பது உரிமையாளரின் கடமை என்றே கொள்ளத்தக்கது.

நாய் நாயைக் கடிப்பதும் நாய் மனிதரைக் கடிப்பதும் குற்றவியல் சட்டத்தில் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனமின்றியோ செய்யத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இப்பிரிவு பேசுவது மனிதருக்கு நேரும் ஆபத்தைப் பற்றியே என்பதால், மற்றொரு நாய்க்கு ஏற்பட்ட காயம் மட்டும் இதன்கீழ் வராது. விலங்கைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் தண்டிக்கும் 325ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. எனினும் அதற்கு, இழப்பை உண்டாக்கும் நோக்கமோ இழப்பு நேரக்கூடும் என்ற அறிவோ இருந்தது மெய்ப்பிக்கப்பட வேண்டும். கைவாரைப் பிடித்தபடி நடந்த ஒருவரின் பிடி நழுவியதை அவ்வாறு கருதுவது கடினம்; வேண்டுமென்றே நாயை ஏவிவிட்டவர் அவ்வாறு தப்ப முடியாது. ஆகவே குற்றவியல் புகாருக்கு வலுச்சேர்க்கக்கூடியது அண்டை வீட்டாரின் கையிலுள்ள காயமே.

உரிமையியல் பொறுப்பு இதைவிட விரிந்தது. ஒப்பந்தம் எதுவுமின்றி ஒருவரால் மற்றவருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு வழங்கும் சட்டப் பகுதி தீங்கியல் சட்டம் எனப்படும். இதில் இந்திய நீதிமன்றங்கள் பெரிதும் ஆங்கிலப் பொதுச்சட்ட நெறிகளையே பின்பற்றுகின்றன; இங்கிலாந்து 1971இல் விலங்குகள் சட்டத்தின் மூலம் அந்நெறிகளை மாற்றியமைத்துக்கொண்டது, இந்தியாவிலோ அதற்கு நிகரான சட்டம் இயற்றப்படவில்லை. அந்நெறிகளுள் ஒன்று முன்னறிவுக் கோட்பாடு: வீட்டு விலங்கொன்றுக்கு இயல்புக்கு மாறான மூர்க்கம் உண்டென்று அறிந்தே அதை வைத்திருப்பவர், அம்மூர்க்கத்தால் விளையும் தீங்குக்குத் தம் கவனக்குறைவு நிறுவப்படாவிடினும் பொறுப்பாவார். அறிந்திருந்த மூர்க்கமும் விளைந்த தீங்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதற்கு 1928ஆம் ஆண்டின் கிளான்வில் எதிர் சட்டன் வழக்கு சான்று. பிற குதிரைகளைக் கடிக்கும் குதிரை என்று அறிந்திருந்தது, அது மனிதரைக் கடித்தபோது உரிமையாளரைப் பொறுப்பாக்கப் போதவில்லை.

இத்தீர்ப்பைக் காட்டி, கைக் காயத்துக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று வாசகர் ஆறுதல் கொள்வது தவறான கணக்காகும். முன்னறிவுக் கோட்பாட்டுக்கு அப்பால், நியாயமாக எதிர்பார்க்கத்தக்க தீங்கைத் தவிர்க்கும் பொதுவான கவனக் கடமை விலங்கு வைத்திருப்போருக்கும் உண்டு என்பதை 1932இல் ஃபார்டன் எதிர் ஹார்கோர்ட்-ரிவிங்டன் வழக்கில் பிரபுக்கள் அவை ஏற்றுக்கொண்டது. தாம் வளர்க்கும் நாய் கண்ணெதிரே கடிபடும்போது எவரும் கையை நீட்டி விலக்கவே முற்படுவர். அது எதிர்பாராத நிகழ்வன்று. நாயின் சுபாவத்தை வாசகர் முன்பே அறிந்திருந்தமையால், சிறிய நாயின் சிகிச்சைச் செலவுக்கும் அண்டை வீட்டாரின் மருத்துவச் செலவுக்கும் அவர் பொறுப்பாவதற்கே வாய்ப்பு மிகுதி. சிறிய நாய் கட்டின்றித் திரிந்து தானே நெருங்கி வந்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் பங்களிப்புக் கவனக்குறைவு என்ற அடிப்படையில் இழப்பீடு குறையலாம். அதை மெய்ப்பிக்கக் கண்காணிப்புக் கேமரா பதிவு அழியும் முன்னரே கேட்டுப் பெறுவது நலம்.

சங்கத்தின் கோரிக்கையோ சட்டத்துக்கே எதிரானது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)(ஜி)இல், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் அல்லது அடைத்துவைக்கப்படும் நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி தரத் தவறும் உரிமையாளரைக் கொடுமை இழைத்தவராகவே கருதுகிறது. நாயை நாள் முழுதும் கழிப்பறையிலோ பால்கனியிலோ பூட்டிவைப்பதும், புகாருக்கு அஞ்சி எங்கேனும் கொண்டுபோய் விட்டுவருவதும் இச்சட்டத்தின் கண்டனத்துக்கு உரியவை. வளர்ப்பு விலங்குகளைக் குடியிருப்பிலிருந்து விலக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லையென்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்களும் கூறுகின்றன. ஆனால், பொதுவிடத்தில் நாய் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சங்கம் வற்புறுத்துவது முற்றிலும் நியாயமானது. சென்னை மாநகராட்சியின் உரிமம் பெறாமல் நாய் வளர்க்கப்படுமாயின், அக்குறையை உடனே நீக்குவது நன்று.

நடை தொடர வேண்டும், ஆனால் முன்போல் அன்று என்பதே இவற்றிலிருந்து பெறப்படுவது. மனிதரிடம் சாதுவான நாய் பிற நாய்களிடம் சீறுவதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணமாகிறது. கைவாரால் விலகி ஓட வழியற்று நிற்கும் நாய், பாய்ந்து எதிரியை அகற்ற முயல்கிறது. மூட்டுவலி போன்ற உடல்நோவும் இதைத் தூண்டும் என்பதால், முதலில் கால்நடை மருத்துவரின் பரிசோதனை தேவை. அதன்பின், எந்தத் தொலைவில் மற்றொரு நாயைக் கண்டும் அது அமைதி குலையாதிருக்கிறதோ அத்தொலைவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் விருப்பமான உணவைக் கொடுத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நெருங்கும் பயிற்சி பயன் தரும். அடிப்பதும் முள்பட்டையால் கழுத்தை இறுக்குவதும் அச்சத்தைப் பெருக்கி மூர்க்கத்தை வளர்ப்பவை. அவற்றைப் பரிந்துரைக்கும் பயிற்சியாளர் விலக்கத்தக்கவர். நீண்டு சுருங்கும் கைவாருக்குப் பதிலாக நீளம் மாறாத உறுதியான வாரும், வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம்தரும் கூடை வடிவ வாய்மூடியும், ஆள் நடமாட்டம் குறைந்த நேரமும் தேவை. இந்நடவடிக்கைகளுக்கான மருத்துவர் குறிப்பும் பயிற்சிக் கட்டண ரசீதும் பிற்காலத்தில் உரிமையாளர் கவனத்துடன் நடந்துகொண்டார் என்பதற்கு நீதிமன்றத்தில் சான்றாகும். அவை இல்லாத நிலையில் இரண்டாவது கடி நேர்ந்தால், அவர் தரப்பில் சொல்வதற்கு அதிகம் இராது.

அண்டை வீட்டாருக்கு உரிமையியல் வழக்குத் தொடர 3 ஆண்டு காலவரம்பு உண்டு. எனினும் இத்தகைய பிணக்கை நீதிமன்றம் வரை இழுப்பது இருவருக்கும் வீண் அலைச்சல். செலவு ரசீதுகளைப் பெற்றுத் தொகையை வங்கி வழியாகச் செலுத்தி, இருவரும் கையொப்பமிட்ட ஒப்புதலை வைத்துக்கொள்வது சிறந்தது. பேச்சுவார்த்தைக் கடிதத்தில், அதிலுள்ளவை சாட்சியமாகப் பயன்படுத்தப்படக் கூடாது என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுதினால், உரிமையியல் வழக்கில் அக்கடிதம் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படாது. தொகையில் உடன்பாடு எட்டப்படாவிடின், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு காணலாம்; இருவரும் இசைந்து அங்கு பெறும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன்மீது மேல்முறையீடும் இல்லை.