மிதிவண்டியில் படிக்கும் வரலாறு: தேனூர் முதல் சமணமலை வரை



வரலாறு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும்தான். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். ஆனா சமயநல்லூரைச் சுத்தி, சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள்ளேயே 2000 வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு கிடக்குது. அதை எப்படிப் போய்ப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. ஏன் சைக்கிள்?

நடந்தால் மணிக்கு 4 அல்லது 5 கி.மீ. போகலாம். சாதாரண சைக்கிளில் அவசரமில்லாமல் மிதித்தால் 10 முதல் 12 கி.மீ. போகலாம். பஸ்ஸில் போனால் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்கிறதுக்குள்ள ஊரே தாண்டிப் போயிடும். சைக்கிளில் போனால் பலகையைப் படிக்கலாம், நிறுத்தலாம், "தாத்தா, இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்கலாம். பெட்ரோல் செலவும் கிடையாது.

தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். 2005-06இல் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஏராளமான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதனால இது பையன்களுக்கு மட்டும் உள்ள விஷயம்னு யாரும் நினைக்க வேண்டாம்.

2. முதல் பயணம்: வைகைக் கரை

வழி: சமயநல்லூர் – தேனூர் – திருவேடகம் – சோழவந்தான். போக வரச் சுமார் 25 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

தேனூர்: சங்க இலக்கியமான ஐங்குறுநூற்றிலேயே இந்த ஊர்ப் பெயர் வருகிறது. 2009இல் இங்கே தமிழி எழுத்துப் பொறித்த பழைய தங்கக் கட்டிகள் கிடைத்தன. முன்காலத்தில் அழகர் இந்தத் தேனூர் ஆற்றில்தான் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில்தான் (1623–1659) அது மதுரைக்கு மாறியது என்றும் மரபாகச் சொல்கிறார்கள். வண்டியூர்ப் பக்கம் வைகையில் அழகர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிற மண்டபத்துக்கு இன்னைக்கும் "தேனூர் மண்டபம்"னுதான் பேரு. திருவிழா இடம் மாறிப் போனாலும் பெயர் கூடவே போயிருக்கு பாருங்க!

திருவேடகம்: ஏடு + அகம் = ஏடகம். 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் சமணர்களோடு நடந்த வாதத்தில் திருஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்துப் போய் இங்கே கரை சேர்ந்தது என்பது தலபுராணம். ஏடகநாதர் கோயில் இங்கே இருக்கிறது. வைகை கிழக்கே ஓடுகிறது. நாம் மேற்கே மிதிக்கிறோம். அதாவது அந்த ஏடு போன திசையில்தான் நம்ம சைக்கிளும் போகுது!

சோழவந்தான்: "சோழன் வந்தான்" என்று பிரித்துச் சொல்வோம். ஆனால் பழைய கல்வெட்டுகளில் இந்த ஊர் "பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம்" என்று வருகிறது. கூற்றம் என்றால் அந்தக் கால நாட்டுப் பிரிவு. சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன், இது பாண்டிய மன்னரின் பட்டப்பெயர். சோழன் விருந்துக்கு வந்த ஊர்னு நாம நினைச்சா, கல்வெட்டு வேற கதை சொல்லுது! பாகனூர் என்ற பெயரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

வழியெல்லாம் நெல் வயல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரத்தில் கொடி ஏறியிருப்பதை நிறுத்திப் பாருங்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பச்சைக்குக் காரணம் வைகை மட்டும் இல்லை. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து வைகையில் சேர்கிறது.

3. இரண்டாம் பயணம்: மலை அடிவாரம்

இது இன்னொரு நாளைக்கு. வைகையைத் தாண்டி, நாகமலையின் கிழக்கு முனையைச் சுற்றிப் போனால் கீழக்குயில்குடி. சமயநல்லூரிலிருந்து சுமார் 15 கி.மீ.

சமணமலை: அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பணசாமி கோயில். மலையில் செட்டிப்புடவு என்ற குகை. உள்ளே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கிறது. அதைச் செட்டியார் உருவம் என்று ஊர்மக்கள் நினைத்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். இன்னும் மேலே பேச்சிப்பள்ளம் சுனை. அதை ஒட்டிய பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். இவை 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குரண்டி என்ற ஊரில் இருந்த சமணப் பள்ளியின் ஆசிரியர், மாணவர் பெயர்கள் அவற்றில் வருகின்றன. "பள்ளிக்கூடம்" என்ற சொல்லே சமணப் பள்ளியிலிருந்து வந்தது என்று அறிஞர் பலர் கூறுகிறார்கள்.

கொங்கர் புளியங்குளம்: அங்கிருந்து மேற்கே சில கி.மீ. இங்கே குன்றில் இயற்கையான குகைத்தளமும், முனிவர்கள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளும் உள்ளன. மேலே பாறை விளிம்பில் தமிழிக் கல்வெட்டுகள். சுமார் 2200 ஆண்டுப் பழமை. அதில் ஒன்று, பாகனூரைச் சேர்ந்த பேராதன் பிட்டன் என்பவர் இங்கே கொடை கொடுத்ததைச் சொல்கிறது.

பாகனூர்! முதல் பயணத்தில் பார்த்த அதே பெயர். வைகைக் கரையிலிருந்து மலை சுற்றி வந்து ஒருத்தர் முனிவர்களுக்குக் கொடை கொடுத்திருக்கலாம். அவர் நடந்து வந்த தூரத்தைத்தான் நாம சைக்கிள்ல வர்றோம்.

4. கதையும் கல்லும்

இரண்டு பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முக்கியமான பாடம் கிடைக்கும். வாதத்தில் தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் சொல்கிறது. அதோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிஞ்சு போச்சுன்னு நம்மில் பல பேர் நினைக்கிறோம். ஆனால் சமணமலைக் கல்வெட்டுகள் சம்பந்தர் காலத்துக்கு 200, 300 ஆண்டு பிந்தியவை. அப்போதும் இங்கே சமண ஆசிரியர்கள் இருந்தார்கள், பாடம் நடந்தது, மக்கள் சிற்பம் செய்து கொடுத்தார்கள்.

கதையை மட்டும் படித்தால் கல் சொல்வது தெரியாது. கல்லை மட்டும் படித்தால் மக்கள் மனதில் இருப்பது தெரியாது. திருவேடகத்துக்கும் போகணும், சமணமலைக்கும் போகணும். இரண்டும் நம்ம ஊருதான்.

5. கிளம்பும் முன் கவனிக்க

* நான்கு வழிச்சாலையில் சைக்கிள் ஓட்ட வேண்டாம். லாரி, பஸ் காற்றே சைக்கிளைத் தள்ளிவிடும். கடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.
* தனியாகப் போகாதீர்கள். வீட்டில் சொல்லி, ஆசிரியர் அல்லது பெரியவரோடு குழுவாகப் போங்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும்.
* பிரேக், செயின், காற்று மூன்றையும் முதல் நாளே பாருங்கள். குழுவுக்கு ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் போதும்.
* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, நோட்டு, பென்சில். சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். மார்கழி, தை நல்ல காலம்.
* வைகை மணல் பள்ளங்களிலும் சுனையிலும் இறங்காதீர்கள்.

6. ஒரு வேண்டுகோள்

இப்படிப்பட்ட மலைகளில் சிற்பத்துக்குப் பக்கத்திலேயே பெயின்ட்டாலும் ஆணியாலும் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள். கல்வெட்டு மேல் ஒரு கீறல் விழுந்தால் ஒரு எழுத்து போச்சு. ஒரு எழுத்து போனா ஒரு ஊர்ப் பேரே போகலாம். "பாகனூர்" என்ற சொல் அழிந்திருந்தால் மேலே சொன்ன தொடர்பு நமக்குத் தெரியவே வந்திருக்காது. இவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். சிதைப்பது குற்றம். யாராவது எழுதுவதைப் பார்த்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நம்ம பேரை நம்ம நோட்டில் எழுதிக்கொள்வோம்.

செய்து பாருங்கள்

(அ) உங்கள் வீட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் உள்ள ஊர், கண்மாய், கால்வாய்ப் பெயர்களைப் பட்டியலிடுங்கள். பெயர்க் காரணத்தை இரண்டு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

(ஆ) முதல் பயண வழியை வரைபடமாக வரையுங்கள். வைகை ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள்.

(இ) 25 கி.மீ. தூரத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் கடந்து, மூன்று இடங்களில் தலா 30 நிமிடம் நின்றால் மொத்தம் எவ்வளவு நேரம்? 6 மணிக்குக் கிளம்பினால் எப்போது வீடு வந்து சேர்வீர்கள்?

விடைகளை அடுத்த இதழுக்குள் வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள்.