டானிக் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி. மாத்திரை தொடங்கி நாலே வாரத்தில் ஹீமோகுளோபின் 12-லிருந்து 9.5 ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரும்புச்சத்து டானிக் தரலாமா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: தராதீர்கள் அம்மா. மருந்துச் சீட்டில் ரிபாவிரின் இருக்கிறதா பாருங்கள். சிவப்பணுக்களை உடைக்கிற மருந்து அது. இரும்புக் குறைவால் வந்த சோகை இல்லையென்றால் டானிக்கால் பயனில்லை. மிஞ்சிய இரும்பு ஈரலில்தான் போய்த் தங்கும். பொதுவாக ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரிபாவிரினைக் குறைப்பார்கள், 8.5-க்குக் கீழே நிறுத்துவார்கள். இதய நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே. முடிவு மருத்துவருடையது. கிருமியை ஒழிக்கிற சோஃபோஸ்புவிரை நீங்களாக ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.

மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, அடுத்த தேதி வரை காத்திராமல் மருந்து தந்த மருத்துவரிடமோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே அழைத்துப் போங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் 108.