அடகு வைத்த நகை யாருடையது?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்தால் நம்மவர் வீடுகளில் பீரோவிலிருந்து நகை வெளியே வரும். கல்யாணத்துக்கு அல்ல, அடகுக்கு. அதனால்தான் இந்தப் பாடம்.

ஜோலார்பேட்டையில் வேலை பார்த்தபோது என் மனைவியின் நான்கு பவுன் சங்கிலியை ஓரிடத்தில் வைத்துப் பணம் வாங்கினேன். பெங்களூருக்கு மாற்றலாகி வந்ததும் புதிய விலாசத்தைக் கொடுக்க மறந்தேன். ஏல நோட்டீஸ் பழைய குவார்ட்டர்ஸ் கதவோடு நின்றுவிட்டது. நகை முழுகிப் போனது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடனுக்கு மேல் மிஞ்சிய பணத்தைக் கேட்கலாம் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் கஷ்டம்.

சட்டம் அன்றும் இருந்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அடகில் பொருள்தான் கடன் கொடுத்தவர் கைக்குப் போகிறது. சொந்தம் நம்மிடமே நிற்கிறது. தவணை தவறினாலும் நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விற்கலாம் என்கிறது 176-ஆம் பிரிவு. விற்பனை நடந்து முடியும்வரை பணம் கட்டி மீட்கலாம் என்கிறது 177. விற்று மிஞ்சியது நம்முடையது.

ரயில்வேயில் ஒற்றைப் பாதைக்கு டோக்கன் உண்டு. அது டிரைவர் கையில் இருக்கும்வரை அந்தப் பாதையில் வேறு வண்டி நுழையாது. அடகு நகையும் அப்படியே. பெட்டியில் இருக்கும் நகைமேல் இன்னொருவர் கடன் தரமாட்டார். ஆனால் கடனில் வாங்கிய ஆட்டோ நம்மிடமே ஓடுகிறது. டோக்கன் இல்லாத பாதை! ஆகவேதான் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரை எழுதுகிறார்கள். கடன் தீர்ந்ததும் அதை நீக்கிக்கொள்ள மறவாதீர்கள்.

நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று புதிய விதிகளை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றுக்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை கெடு. குடும்பச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் தங்கத்தின் மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கல்லுக்கு மதிப்பில்லை. அசலும் வட்டியும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனில் அந்த வட்டியும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். கையில் வருவது குறையும். உரசிப் பார்ப்பது நம் கண்ணெதிரே நடக்க வேண்டும். முழுதும் கட்டியபின் அன்றே, அல்லது 7 வேலை நாட்களுக்குள் நகை திரும்ப வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஏலத்தில் ஆரம்ப விலை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை விலை போகாவிட்டால் 85.

ஆளைத் தேடிக் கிடைக்காவிட்டால், பொது அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்து ஏலம் விடலாம். வீடு மாறினால் புதிய விலாசத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

தெருமுனை அடகுக்கடைக்கு இவ்விதிகள் பொருந்தா. அதற்குக் கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. கடன் நிபந்தனைகளை வட்டார மொழியிலோ, கடன் வாங்குபவர் விரும்பும் மொழியிலோ தர வேண்டும் என்பதும் 2025 விதி. கன்னடம் படிக்க வராதவர்கள் தமிழில் கேட்கலாம்.