தோல்விக்கு மறுநாள்

நுழையும்முன்

தேர்வில் தோற்ற மாணவர் தம் தோல்வியை மட்டும் சுமப்பதில்லை. தம்மைப் படிக்கவைத்தவர் பட்ட பாட்டையும் சேர்த்தே சுமக்கிறார். 'இவ்வளவு செய்தார்களே, அத்தனையும் வீணாயிற்றே' என்னும் எண்ணமே தோல்வியைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது. அந்த எண்ணத்தோடு மலையின் விளிம்பில் நெடுநேரம் நின்ற ஓர் இளைஞர், அடுத்து என்ன செய்தார்? ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் வாழ்விலிருந்து, தோல்வியும் அதற்கு மறுநாளும் கற்பித்த பாடங்களை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

ஆற்றங்கரையும் கடற்கரையும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கெல்லையில், வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த பேரூர் லப்பைக்குடிக்காடு. ஆற்றின் மறுகரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி உள்ளது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மாவட்டத்தில் வானம் பார்த்த நிலமே மிகுதி. பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணத்தில் பிள்ளைகள் படிக்கும் வீடுகள் இங்கு உண்டு. அன்றாடம் வயலில் களையெடுத்த கூலியில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளும் உண்டு. இவ்வீடுகளில் கல்விக் கட்டணச் சீட்டு என்பது வெறும் தாள் அன்று. பிள்ளையின் முகம் காணாமல் தந்தை கழித்த ஆண்டுகளும், தாயின் கழுத்திலிருந்து இறங்கிய நகையும் அதனுள் அடங்கியுள்ளன.

இத்தகைய கணக்கு நன்கு தெரிந்த வீட்டில்தான் கலாமும் வளர்ந்தார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் ஜைனுலாபுதீன் – ஆஷியம்மா இணையருக்குப் பிறந்தார். தந்தை படகு வைத்திருந்தவர். முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் தொடர்வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளை எடுத்துச் சேர்க்கும் பணியில் தம் உறவினர் சம்சுதீனுக்குச் சிறுவன் கலாம் துணைநின்றார். அதுவே அவர் பெற்ற முதல் ஊதியம்.

அவ்வூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியதோடு நில்லாமல், மாணவரைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார். வானில் பறக்கும் விருப்பம் அன்று அச்சிறுவனின் உள்ளத்தில் வேரூன்றியது.

அடகுக்குப் போன வளையல்

இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்த் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் கலாம் பயின்றார். இயற்பியலில் பட்டம் பெறும் வேளையில்தான், தம் விருப்பம் நிறைவேறப் பொறியியல் பயில வேண்டும் என்பதை உணர்ந்தார். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால், சேர்க்கைக்குச் சற்றேறக்குறைய 1000 ரூபாய் தேவைப்பட்டது. அக்காலத்தில் அது அக்குடும்பத்தின் கைக்கெட்டாத தொகை. அவருடைய தமக்கை ஜோஹரா, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

தம் உழைப்பில் வரும் பணத்தைக் கொண்டே அவ்வளையல்களை மீட்பது எனக் கலாம் உறுதிபூண்டார். அன்று முதல் அவர் எழுதிய ஒவ்வொரு தேர்விலும் ஒரு பங்கு அவருடையது, மறுபங்கு தமக்கையுடையது.

அக்கல்லூரியில் நடந்த நிகழ்வொன்று குறிப்பிடத்தக்கது. தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றினை வடிவமைக்கும் பணி கலாமையும் வேறு சில மாணவரையும் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானத்தின் காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. வேலையைப் பார்வையிட்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், அது மனநிறைவு தரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். கலாம் ஒரு மாதம் தவணை கேட்டார். பேராசிரியர் கொடுத்ததோ மூன்று நாள். அதற்குள் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார்.

உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும், வளையலும் மீளாது. கலாம் அன்றிரவு உணவையும் மறந்து வரைபலகையின் முன் நின்றார். பணி முடியும் தறுவாயில் பேராசிரியர் ஓசையின்றி வந்து நின்று பார்த்தார், மனமாரப் பாராட்டினார். முடிப்பதற்கு அரிய கெடு என்று அறிந்தே அதனைக் கொடுத்ததாகவும் சொன்னார். இயலாது என்று தாம் எண்ணியிருந்த எல்லை, உண்மையான எல்லையன்று என்பதைக் கலாம் அங்குக் கற்றார். 'உன் வேலை போதாது' என்று சொல்பவர் எல்லாரும் பகைவர் அல்லர் என்பதும் அன்று அவர் கற்ற பாடமே.

ஒன்பதாம் இடம்

உழைத்தால் போதும், வெற்றி உறுதி என்று இப்பாடத்தை இங்கேயே முடித்துவிடலாம். வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை. 1958ஆம் ஆண்டு கலாம் இரண்டு நேர்காணல்களுக்கு வடக்கே பயணமானார். ஒன்று, டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககத்தில் நடந்தது. மற்றொன்று, டேராடூனில் இந்திய விமானப்படைக்கானது. அவர் உள்ளம் நாடியது இரண்டாவதையே. அங்குத் தேர்வுக்கு நின்றோர் 25 பேர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியோர் 8 பேர். கலாம் பெற்றது ஒன்பதாம் இடம்.

கடற்கரையில் பறவை கண்ட நாள்முதல் வளர்த்த விருப்பம் ஓர் இடத்தில் தவறியது. மலையின் விளிம்பில், கீழே ஏரி தெரிய அவர் நெடுநேரம் நின்றதாகப் பின்னாளில் எழுதியுள்ளார். அவ்விடத்திலிருந்து அவர் எடுத்த அடுத்த அடியே இப்பாடத்தின் உயிர்நாடி. அவர் அங்குத் தனித்து நிற்கவில்லை, இறங்கி வந்தார். ரிஷிகேசத்திற்குச் சென்று கங்கையில் நீராடினார். அங்கிருந்த சுவாமி சிவானந்தரைக் கண்டு தம் துயரத்தைச் சொன்னார். தம்முடைய இசுலாமியப் பெயர் அத்துறவியிடம் எவ்வித வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை என்பதையும் கலாம் நினைவுகூர்ந்துள்ளார். இத்தோல்வியை மறந்துவிட்டுத் தமக்குரிய வழியைத் தேடுமாறு அப்பெரியவர் அவரைத் தேற்றினார்.

டெல்லிக்குத் திரும்பியபோது, மற்றைய நேர்காணலின் பயனாக முதுநிலை அறிவியல் உதவியாளர் பணிக்கான ஆணை அவருக்காகக் காத்திருந்தது. அடிப்படை ஊதியம் 250 ரூபாய். விமானத்தை ஓட்ட இயலாவிடினும், விமானம் பறப்பதற்குரிய பணியையேனும் செய்யலாமே என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அப்பணியை ஏற்றார். கலாம் தம் விருப்பத்தைக் கைவிடவில்லை. அதனை அடையும் வழியை மாற்றிக்கொண்டார்.

தெரிந்து தெளிவோம்

போர் விமானியாகும் வாய்ப்பை இழந்த கலாம், 2006ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். அப்போது அவர் குடியரசுத் தலைவர். முப்படைகளின் தலைமைத் தளபதி. வயது 74. போர் விமானத்தில் பறந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவரே.

கடலில் விழுந்த ஏவூர்தி

தனியொருவர் தோற்பது ஒருவகை. ஒரு குழுவையே வழிநடத்தித் தோற்பது வேறு வகை. எஸ்.எல்.வி.-3 என்னும் செயற்கைக்கோள் ஏவூர்தித் திட்டத்திற்குக் கலாம் இயக்குநராக இருந்தார். ஏறத்தாழ 17 டன் எடையும் நான்கு அடுக்குகளும் கொண்ட அவ்வூர்தி, பல ஆண்டு உழைப்பின் பயனாய் உருவானது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. முதல் அடுக்கு சீராக இயங்கியது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு குலைந்தது. ஏவூர்தி வங்கக் கடலில் விழுந்தது.

களைத்துப்போன கலாம் அறைக்குச் சென்று உறங்கிவிட்டார். விழித்தபோது, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராயிருந்த பிரம்ம பிரகாஷ் அருகில் அமர்ந்திருந்தார். அவர் ஏவூர்தியைப் பற்றிப் பேசவில்லை, உணவருந்த அழைத்தார். அறிவுரை ஏற்கும் நிலையில் இல்லாதவருக்கு ஒரு வேளை உணவே ஆறுதல் என்பதை அப்பெரியவர் அறிந்திருந்தார்.

செய்தியாளர்களை எதிர்கொள்ளும் பொறுப்பை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே ஏற்றார். தோல்வியைத் தம் நிறுவனத்தின் தோல்வியாக ஒப்புக்கொண்டு, தம் அறிவியலாளர்மீது முழு நம்பிக்கை இருப்பதாக அறிவித்தார். பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். தலைவர் குழுவைக் காத்தார். குழுவை நடத்தியவர் பழியைத் தட்டிக்கழிக்கவில்லை. 'யார் செய்தது?' என்னும் கேள்வி ஓய்ந்ததால், 'எதனால் நேர்ந்தது?' என்னும் கேள்விக்கு விடை காண முடிந்தது. கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வு ஒன்றில் ஏற்பட்ட கசிவு கண்டறியப்பட்டது.

1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 மீண்டும் ஏவப்பட்டது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நிலைபெற்றது. இம்முறை செய்தியாளர்களைச் சந்திக்குமாறு தவான் கலாமையே அனுப்பினார். தோல்வியின்போது முன்னால் நிற்பதும் வெற்றியின்போது பின்னால் நிற்பதும் தலைமையின் இலக்கணம் என்பதைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மாணவரிடம் சொல்லிவந்தார். தாம் பெற்ற வெற்றியைச் சொல்லாமல், தம்மைக் காத்தவரின் பெருந்தன்மையைச் சொன்னார் என்பதே நோக்கத்தக்கது.

300 கிராம்

ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்தில், ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றில் கலாம் ஒரு காட்சியைக் கண்டார். கால்கள் வலுவிழந்த சிறுவரும் சிறுமியரும், காலிப்பர் எனப்படும் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளைப் பூட்டிக்கொண்டு கால்களை இழுத்து நடந்தனர். ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகளை அவருடைய குழு உருவாக்கியது. பிள்ளைகள் ஓடினர், பெற்றோர் கண்ணீர் விட்டனர். பாரத ரத்னா விருது முதலிய பெருஞ்சிறப்புகள் பெற்ற கலாம், தம் வாழ்வின் பேரின்பங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டார். கல்வியால் ஒருவர் உயரலாம். அக்கல்வி பிறர் சுமையைக் குறைக்கும்போதே நிறைவு பெறுகிறது.

மறுநாளின் பாடங்கள்

திருக்குறளின் பொருட்பாலில், அரசியல் இயலின் இறுதி அதிகாரமாக 'இடுக்கண் அழியாமை' அமைந்துள்ளது. அதற்கு முந்தைய அதிகாரம் 'ஆள்வினையுடைமை'. முயற்சியைச் சொன்னபின் துன்பத்தில் தளராமையைச் சொன்ன அம்முறைவைப்பு சிந்திக்கத்தக்கது. முயல்வோருக்கும் இடையூறு வரும். முயற்சிக்குத் துணையாக மற்றொரு திண்மையும் வேண்டும்.

ஒன்பதாம் இடம் பெற்றவர் எல்லாரும் குடியரசுத் தலைவர் ஆவதில்லை. தோல்வி வந்தால் பின்னால் பெரிய வெற்றி வரும் என்பது கலாம் வாழ்வின் பாடம் அன்று. அவ்வாறு எவரும் உறுதி கூற இயலாது. லப்பைக்குடிக்காட்டு மாணவரும் பிற ஊர் மாணவரும் கைக்கொள்ளத்தக்கது அவர் பெற்ற பதவியை அன்று. தோற்றபின் அவர் நடந்துகொண்ட முறையை.

முதலாவது, தோற்ற நாளில் தனித்திருத்தல் ஆகாது. கலாம் வாழ்வின் ஒவ்வொரு தோல்வியின் அருகிலும் ஒரு மனிதர் இருந்தார். ரிஷிகேசத்தில் அத்தகையவரைக் கலாம் தேடிச் சென்றார். ஸ்ரீஹரிகோட்டாவில் அத்தகையவர் தாமாகவே வந்தார். தாயிடமோ, தந்தையிடமோ, ஆசிரியரிடமோ, நண்பரிடமோ அன்றே வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். இரண்டாவது, வழி அடைபட்டால் விருப்பம் அழிந்துவிடுவதில்லை. வேறு வழி காணலாம். மூன்றாவது, பழி யாருடையது என்று தேடுவதை விட்டுப் பிழை எங்குள்ளது என்று தேட வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கலாம் ஒன்பதாம் இடம் பெற்றதால் ஜோஹராவின் வளையல் வீணாகிவிடவில்லை. தம்பி பரிசு பெற வேண்டும் என்பதற்காக அவர் அதனைக் கழற்றவில்லை. தம்பி கற்க வேண்டும் என்பதற்காகவே கழற்றினார். பெற்றோர் தம் பிள்ளைக்காக உழைப்பது மதிப்பெண் பட்டியலுக்காக அன்று. பிள்ளை நன்றாக வாழவேண்டும் என்பதற்காகவே. ஆதலின், அவர்களுடைய பாட்டிற்கு ஈடு வெற்றி மட்டுமன்று. தோல்விக்கு மறுநாள் எழுந்து புத்தகத்தைத் திறப்பதும் அதற்கு ஈடே.

2007ஆம் ஆண்டு பதவிக்காலம் முடிந்ததும் கலாம் மீண்டும் கற்பிக்கச் சென்றார். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவரிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. தம்மைத் தேற்றியவர்களுக்குப் பட்ட கடனை, அடுத்த தலைமுறையைத் தேற்றுவதன் மூலமே அவர் அடைத்தார். வகுப்பில் ஒரு நண்பர் தோற்று அமர்ந்திருக்கும் நாளில், அவரருகில் சென்று 'சாப்பிடலாம், வா' என்று அழைப்பதும் அக்கடனின் ஒரு தவணையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் ஒருவருடைய கல்விக்காக மற்றொருவர் விட்டுக்கொடுத்தது எது என்பதை மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. விளையாட்டிலோ தேர்விலோ உங்கள் குழு தோற்ற நிகழ்வொன்றை எடுத்துக்கொண்டு, 'யார்?' என்று கேட்காமல் 'எதனால்?' என்று மட்டும் கேட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. கலாம் பெற்ற முதல் ஊதியம் எப்பணிக்காகக் கிடைத்தது?

2. எஸ்.எல்.வி.-3 முதல் முயற்சியில் தோல்வியுற்றதற்குக் காரணம் யாது?

சிறுவினா

1. பேராசிரியர் சீனிவாசன் கொடுத்த மூன்று நாள் கெடு கலாமுக்குக் கற்பித்தவை யாவை?

2. பிரம்ம பிரகாஷ், சதீஷ் தவான் ஆகியோர் தோல்வியின்போது நடந்துகொண்ட முறையை ஒப்பிட்டு எழுதுக.

நெடுவினா

'விருப்பத்தைக் கைவிடாமல் வழியை மாற்றிக்கொள்ளுதல்' – கலாமின் வாழ்வைக் கொண்டு நிறுவுக.